இரத்தக்காட்டேரி நாவலும் நடுவில் வந்த சிரிப்பும்

வாசகர் வட்டத்தில் இம்முறை தெரிவான ஆங்கில நாவலை மூன்றிலொரு பங்கு வாசித்துவிட்டு மூடிவைத்திருப்பதாகவும், மேற்கொண்டு வாசிப்பதால் பயன் ஏதும் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் கற்பிப்பவர், சி.வி. வேலுப்பிள்ளை தொடக்கம் தெளிவத்தை ஜோசப் வரை மலையக எழுத்தைத் தேடி வாசிப்பவர், பேய்க்கதைப் பக்கம் இதுவரை தலைவைத்தும் படுக்காதவர் என்று உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். நாவல், கிரேடி ஹெண்ட்ரிக்ஸ் 2020இல் வெளியிட்ட ‘த சதர்ன் புக் கிளப்ஸ் கைட் டு ஸ்லேயிங் வாம்பயர்ஸ்’. தொடர்வதா விடுவதா என்று கேட்டிருந்தாலும், கேள்வியின் உயிர் இன்னொரு வரியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. பக்கத்து வீட்டு மூதாட்டி கதைத்தலைவியின் காதைக் கடித்தெடுக்கும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன், அன்றிரவு விளக்கை அணைக்க முடியவில்லை, சிரித்ததை எண்ணி வெட்கமாகவும் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுமையைக் காட்டிச் சிரிக்கவைக்கும் எழுத்தை நம்பிப் போகலாமா, அதற்குச் சிரித்த மனத்தில் கோளாறு ஏதும் உண்டா என்று கேட்கிறீர்கள் என்றே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

உயர்தர வகுப்புகளுக்கும் பின்னர் ஆசிரிய பயிலுநர்களுக்கும் ஆங்கில இலக்கியம் கற்பித்தே என் தொழில்வாழ்க்கை கழிந்தது. அதிலும் திகில் இலக்கியம் நான் மிக விரும்பிக் கற்பித்த பகுதி. ஆகவே இந்த வகை நாவல் எப்படி இயங்குகிறது என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். உறக்கம் கெடுவதைப் பற்றி அப்படிப் பேச எனக்குத் தகுதியில்லை. அது மருத்துவர்கள் பேசவேண்டிய விடயம். சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் சிரித்ததில் கோளாறு எதுவுமில்லை, அந்த இடம் சிரிப்பதற்காகவே கட்டப்பட்டது. வாசிப்பைத் தொடரலாம் என்பதே என் கருத்து, ஆனால் முன்னால் என்னென்ன காத்திருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டு தொடருங்கள்.

இந்த நாவலை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ள்ஸ்டன் நகருக்கு அண்மையிலுள்ள வசதியான குடியிருப்பொன்றில், 1980களின் இறுதியிலும் 1990களிலும் கதை நடக்கிறது. முன்னாள் தாதியும் இப்போது முழுநேர இல்லத்தரசியுமான பெட்ரீசியா, தன்னைப் போன்ற பெண்களோடு சேர்ந்து உண்மைக் கொலைவழக்குகளைப் பற்றிய புத்தகங்களை வாசிக்கும் வட்டமொன்றை நடத்துகிறாள். தெருவுக்குப் புதிதாக வந்து சேரும் அழகிய, பண்பான இளைஞன் ஒருவனைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் எழுகிறது. டிராகுலாவைத் தன் தாயோடு மோதவிட விரும்பியதாக நூலாசிரியரே முன்னுரையில் சொல்கிறார். வீட்டுவேலையில் மூழ்கி, யாராலும் பொருட்படுத்தப்படாத ஒரு தாய்க்கும் சாவே இல்லாத ஒரு கொலைகாரனுக்கும் இடையில் போர் மூண்டால் என்ன நடக்கும் என்பதே கதை. இந்த ஏற்பாட்டிலேயே சிரிப்புக்கு இடமிருக்கிறது. பிள்ளைகளின் மதிய உணவு, மாமியாரின் பராமரிப்பு, விருந்துக்குப் போடவேண்டிய மேசைவிரிப்பு ஆகியவற்றுக்கு நடுவேதான் அவள் ஒரு பிசாசைக் கண்காணிக்க நேரம் ஒதுக்கவேண்டியிருக்கிறது.

நீங்கள் சிரித்த இடத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். இரவில் குப்பைத்தொட்டியருகே போகும் பெட்ரீசியா, தெருவே அஞ்சும் கடுகடுப்பான அந்த மூதாட்டி இருட்டில் குந்தியிருந்து ஒரு காட்டுவிலங்கைப் பச்சையாகத் தின்றுகொண்டிருப்பதைக் காண்கிறாள். ஊரின் மரியாதைக்குக் காவலிருந்தவள் வாயெல்லாம் இரத்தமாக நிமிர்கிறாள். கௌரவத்துக்கும் அந்தக் கோலத்துக்கும் இடையில் திறக்கும் பள்ளத்தைக் கண்டுதான் நாம் சிரிக்கிறோம். சிரித்து முடிப்பதற்குள் காது போய்விடுகிறது. மழைக்காலத்தில் கொழுந்து மலைக்குப் போய்வருகிறவர்கள் அட்டைக்கடியை அறிவார்கள். கடிக்கும்போது வலி தெரியாது, காலில் இரத்தம் வழிவதைக் கண்ட பிறகே கடிபட்டது தெரியும். அட்டையை எடுத்தெறிந்த பின்னும், அதன் உமிழ்நீரிலுள்ள ஒரு பொருள் இரத்தத்தை உறையவிடாமல் தடுப்பதால் கடிவாய் நெடுநேரம் கசிந்துகொண்டிருக்கும். கொடுமையைக் காட்டிச் சிரிக்கவைக்கும் கறுப்பு நகைச்சுவையின் வேலையும் இப்படிப்பட்டதே. சிரிப்பு நம் எச்சரிக்கையைத் தளர்த்துகிறது, தளர்ந்த அந்தக் கணத்தில் பல் பதிகிறது, புத்தகத்தை மூடிய பிறகும் அது கசிகிறது. விளக்கை அணைக்க முடியாமற்போன அன்றிரவு நீங்கள் நாவலை மிகச் சரியாக வாசித்திருக்கிறீர்கள்.

இப்படிச் சிரிப்பையும் பேயையும் ஒரே பந்தியில் இருத்துவது தமிழுக்குப் புதிதன்று. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி 12ஆம் நூற்றாண்டு நூல். அதில் போர் முடிந்த களத்தில் பேய்கள் கூடிப் பிணங்களைக்கொண்டு கூழ் சமைக்கின்றன. சமைத்ததை முறைப்படி பந்திவைத்துப் பரிமாறுகின்றன. உயிர்க்கொலை செய்யாத, ஒருபொழுது மட்டும் உண்ணும் சமணப் பேய்க்கு மயிர் கலக்காதபடி பார்த்து, நிணத்தையே துணியாக்கி வடித்து வார்க்கும்படி சொல்கிற இடத்தை வகுப்பில் வாசிக்கும்போது, முதலில் முகம் சுளித்த மாணவர்களே பிறகு சிரிப்பார்கள். அடுத்து, இத்தனை பானை நிறையக் கூழ் காய்ச்சுவதற்கு எத்தனை மனிதர் செத்திருக்கவேண்டும் என்று யாராவது ஒருவர் கேட்பார், வகுப்பு அமைதியாகிவிடும். மன்னனைப் புகழ எழுந்த நூலில் புலவர் அந்த அமைதியையும் எண்ணிவைத்தாரா என்பது விவாதத்துக்குரியது. நூல் அதற்கு இடமளிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நம் நாட்டின் தெற்கில் சிங்களவர் நோய் தீர்க்க ஆடும் தொவில் சடங்குகளிலும் இதே இணைப்பைக் காணலாம். அவற்றுள் ஒன்றான சன்னி யக்குமாவில் நோய்தரும் பதினெட்டுப் பேய்கள் முகமூடியணிந்து வருகின்றன. அச்சமூட்டி வந்த பேயை மேளக்காரர் கேள்விமேல் கேள்வி கேட்டுக் கேலிக்கு ஆளாக்க, சுற்றியிருப்போர் சிரிக்கச் சிரிக்க அதன் அதிகாரம் குறைகிறது. நோயாளியும் சேர்ந்து சிரிப்பது குணமாவதன் அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது. அந்தச் சிரிப்பில் மருத்துவப் பயன் எவ்வளவு என்பதை நான் தீர்மானிக்க முடியாது. ஆனால் பேயைக் கண்டு சிரிப்பது பேய்க்குத் துணைபோவதாகாது என்பது இந்தத் தீவின் இரு மொழியாரும் நெடுங்காலமாக அறிந்த செய்தி.

இரத்தக்காட்டேரியின் வரலாற்றில் உங்களுக்கு வேண்டியது ஒரு திருப்பம் மட்டுமே. 1720களிலும் 1730களிலும் சேர்பியக் கிராமங்களில் செத்தவர்கள் எழுந்துவந்து இரத்தம் குடிக்கிறார்கள் என்று பீதி பரவி, ஒஸ்திரிய அதிகாரிகள் கல்லறைகளைத் தோண்டிப் பார்த்து அறிக்கை எழுதினார்கள். அந்த அறிக்கைகளில் வருகிறவர்கள் ஏழைக் குடியானவர்கள். தங்கள் குடும்பத்தையும் அயலாரையுமே அவர்கள் தேடிவந்ததாக நம்பப்பட்டது. 1819இல் ஜோன் பொலிடோரி எழுதிய கதையில் அந்தக் குடியானவன் பிரபுவாக மாறினான். விருந்துகளுக்கு வந்தான், பெண்களைக் கவர்ந்தான், ஊருக்கு ஊர் போனான். 1897இல் பிராம் ஸ்ரோக்கர் படைத்த டிராகுலா கோமகனும் அவ்வழி வந்தவனே. அன்றிலிருந்து இந்த வகைக் கதைகளில் இரத்தம் குடிப்பவன் பெரும்பாலும் மேல்தட்டுக்காரன், நல்ல உடை உடுத்தவன், மரியாதையாகப் பேசுகிறவன். ஸ்ரோக்கரின் நாவல் இன்னொரு விதியையும் நிலைப்படுத்தியது: வீட்டிலுள்ள யாராவது ஒருவர் அழைக்காமல் அவனால் முதன்முறை உள்ளே வர முடியாது.

இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் ஏற்கெனவே தாண்டி வந்திருக்கக்கூடிய ஓர் இடத்துக்குத் திரும்புங்கள். புதியவனிடம் அடையாள ஆவணம் இல்லை, பை நிறையப் பணம் இருக்கிறது. அவன் வங்கிக் கணக்குத் திறப்பதற்கு பெட்ரீசியாவே முன்னின்று உதவுகிறாள், அவளுடைய முகத்துக்காக வங்கி விதியை வளைத்துக்கொடுக்கிறது. சார்ள்ஸ்டன் வாசகருக்கு இது இலேசான நகைச்சுவைக் காட்சியாக இருக்கக்கூடும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை எத்தனையோ பேர் கடதாசிக்காகக் காத்திருந்த சமூகத்தில் பிறந்த நீங்களும் நானும் அதை வேறுவிதமாகவே வாசிப்போம். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இல்லாததால் தபாற்கந்தோரின் வாசலில் நின்று திரும்பிய முதியவர்களை நமக்குத் தெரியும். தோலும் உடையும் பேச்சும் சரியாக அமைந்த ஒருவனுக்கு இல்லாத அட்டை ஒரு தடையே இல்லை. நாவலாசிரியர் நம்மை எண்ணி எழுதவில்லைதான். ஆயினும் அந்தக் காட்சி அந்தக் கணக்கையும் தாங்கி நிற்கிறது.

அழைத்தால் மட்டுமே உள்ளே வருபவன் என்ற விதியும் நமக்கு அந்நியமானதன்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் சேர்த்த கங்காணிமார், கண்டிச்சீமையில் தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொன்னதாக லயத்துப் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். முன்பணமும் இனிய சொல்லும் கொண்டு வந்தவனைத் திண்ணையில் இருத்தி உபசரித்த பிறகுதான் கப்பலேற்றம் நடந்தது. நாவலில் பெட்ரீசியா அவனை உள்ளே அழைப்பதற்கு அறிவின்மை காரணமன்று. வந்தவரை வாசலில் நிறுத்தக்கூடாது என்ற நல்ல வளர்ப்பே காரணம். நற்பண்பே வாசலைத் திறந்துவிடுகிறது என்பதை இந்நாவல் நகைச்சுவையாகத் தொடங்கிப் பின்னர் நெஞ்சில் அடிக்கிறாற்போல் முடிக்கிறது.

நீங்கள் நிறுத்திய இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் நாவலின் இதயம் இருக்கிறது. ஆகவே முடிவைத் தொடாமல் இதை மட்டும் சொல்கிறேன். மறதிநோய் கண்ட மாமியாரைப் பார்த்துக்கொள்ள வரும் மிஸிஸ் கிரீன் என்ற கறுப்பினப் பெண், தான் வாழும் சிக்ஸ் மைல் என்ற வறிய குடியிருப்பில் பிள்ளைகள் காரணம் தெரியாமல் நோயுற்றும் இறந்தும் போகிறார்கள் என்று சொல்கிறாள். பொலிஸார் அக்கறை காட்டுவதில்லை. வசதியான தெருவில் ஒரு பிள்ளை காணாமற்போனால் ஊர் எழும். அங்கே போனால் எழாது. இரத்தம் குடிக்கிறவன் இதை நன்றாகக் கணக்குப் பார்த்தே அங்கே போகிறான். இந்தப் பக்கங்களில் சிரிப்பு நின்றுவிடுகிறது. அதனால்தான் இந்நாவலைத் தொடருமாறு சொல்கிறேன். எங்கெல்லாம் ஆசிரியர் சிரிக்கவைக்கிறார், எங்கே சிரிப்பை நிறுத்துகிறார் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டு வாசியுங்கள். கணவன்மாரின் பெருமை, விருந்துகளின் போலிமை, ஊர் மரியாதை ஆகியவை வரும்போது சிரிப்பு உண்டு; மிஸிஸ் கிரீனின் குடியிருப்பில் அது இல்லை. எது கேலிக்குரியது, எது அல்ல என்பதில் இந்த எழுத்தாளர் தெளிவாக இருக்கிறார். அந்தத் தெளிவை நம்பித்தான் நீங்கள் அவருடன் போகிறீர்கள். மூலதனம் உயிருள்ள உழைப்பை உறிஞ்சியே வாழும் இரத்தக்காட்டேரி என்று கார்ல் மார்க்ஸ் எழுதியது 1867இல். இலங்கையில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டதும் அதே ஆண்டில்தான். வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் அரைநாள் கூலியான அரைப்பேர் போடப்பட்டு வீடு திரும்பிய தாய்மாரையும், பிள்ளைக் காம்பரா என்னும் தோட்டக் காப்பகத்தில் விடப்பட்ட குழந்தைகளையும் எழுத்தில் கண்டு வளர்ந்த உங்களுக்கு, இந்த நாவல் நீங்கள் எண்ணியிருக்கும் அளவுக்குத் தூரத்தில் இல்லை.

இனி நான் உறுதியாகச் சொல்லத் தயங்கும் பகுதி. மிஸிஸ் கிரீன் நாவலில் மிகத் துணிவான பாத்திரம். ஆயினும் கறுப்பினப் பிள்ளைகளின் சாவு, வெள்ளையினப் பெண்கள் விழித்தெழுவதற்கான படிக்கல்லாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற குற்றச்சாட்டை முழுதாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. நாவலுக்குள்ளேயே மிஸிஸ் கிரீன் அதைப் பெட்ரீசியாவின் முகத்துக்கு நேரே கேட்கிறாள் என்பதால் ஆசிரியர் அறிந்தே செய்திருக்கிறார் என்று வாதிடலாம். அறிந்து செய்வது போதுமா என்பது உங்கள் வட்டம் பேசவேண்டிய கேள்வி. கணவன்மார் எல்லோரும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருப்பது எனக்குக் குறையாகவே தோன்றுகிறது.

உங்கள் தாயார் இப்படிப்பட்ட புத்தகத்தை வீட்டில் வைக்கவேண்டாம் என்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அவருடைய அச்சத்தைப் பழைமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். தோட்டத்தில் மாடசாமிக்கும் முனியாண்டிக்கும் அஞ்சுவதில் ஓர் ஒழுங்கு உண்டு. எல்லையில் இருப்பவருக்கு வேண்டுதல் உண்டு, படையல் உண்டு. தொழிற்சாலை இயந்திரத்தைக் காக்கும் ரோதமுனிக்கு உரிய மரியாதையைச் செய்தால் கை கால் தப்பும் என்ற நம்பிக்கை உண்டு. அஞ்சப்படுகிறவரே காவலாகவும் நிற்கிறார். நாவலில் வரும் இரத்தக்காட்டேரிக்குப் படைத்து அமர்த்த முடியாது, அவன் பசிக்கு நிறைவும் இல்லை, யாருக்கும் அவன் காவலில்லை. தாயாருக்கு இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லிப் பாருங்கள். இது வழிபாட்டோடும் ஏவலோடும் தொடர்பற்ற கற்பனைக் கதை என்று விளங்கினால் அவருடைய மனம் இளகக்கூடும். இளகாவிட்டால் புத்தகத்தைப் பாடசாலை மேசையில் வைத்துவிடுங்கள்.

முன்னெச்சரிக்கையாகச் சில. எலிகள் வீட்டுக்குள் நுழையும் ஓர் இரவு வருகிறது; முதுமையும் நோயும் கண்டவரைப் பராமரித்த அனுபவம் உள்ளவர்களுக்கு அது மிகவும் கடுமையாக இருக்கும். பிள்ளைகளுக்கு நேரும் தீங்கு, பாலியல் வன்முறை, தற்கொலை முயற்சி ஆகியவையும் உண்டு. இவற்றுள் எதுவாவது உங்கள் வாழ்க்கையைத் தொட்டிருந்தால், வட்டத்தின் மரியாதைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அந்தப் பகுதியைத் தாண்டிப் போனாலும் கதை விளங்கும். அவ்வாறு இல்லையாயின் பகலில், ஓர் அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்தி வாசியுங்கள். பயங்கரக் காட்சியின் நடுவில் மூடிவைத்தால் மிச்சத்தை மனம் தானாக எழுதிக்கொள்ளும், அது பெரும்பாலும் ஆசிரியர் எழுதியதைவிட மோசமானதாகவே இருக்கும். உறக்கமின்மை புத்தகத்தை விட்ட பிறகும் நாட்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

டிராகுலாவை முதலில் வாசித்திருக்கவேண்டுமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு, வேண்டியதில்லை என்பதே பதில். இந்நாவலுக்குத் தேவையான விதிகளை அது தானே கற்றுத்தருகிறது. இதை முடித்த பிறகு அங்கே போவது நல்லது. நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி என்று பலர் எழுதியவற்றின் தொகுப்பாக அமைந்த அந்த நாவலில், கோமகனின் பார்வையில் கதை சொல்லும் பகுதி ஒன்றுகூட இல்லை. வெயில் பட்டால் அவன் எரிந்துவிடுவான் என்று தேடாதீர்கள். ஸ்ரோக்கரின் கோமகன் இலண்டன் தெருவில் பகலில் நடமாடுகிறான், சூரிய ஒளி அவ்வினத்தைக் கொல்லும் என்பது 1922இல் வந்த ‘நொஸ்பெராட்டு’ என்ற ஜேர்மன் மௌனப்படத்திலிருந்து பரவிய வழக்கம். பழைய ஆங்கிலம் சில இடங்களில் மெதுவாகவே நகரும், ஆனால் முதல் நான்கு அத்தியாயங்களான கோட்டைப் பகுதியை உங்கள் வட்டத்தில் சத்தமாக வாசிக்கலாம். ஒரு மாலைக்கு ஓர் அத்தியாயம் போதும்.